தண்ணீர் இறங்கும் வழியே ஏறிப் போகலாம்



செண்பகத்தோப்புக்கு வழி கேட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். மேற்கே கையை நீட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அங்கே மலை நிற்கிறது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும், டீக்கடை வாசலிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஊரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில், தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் அடிவாரம்தான் செண்பகத்தோப்பு.

இந்த மாதப் பயணப் பகுதிக்கு அந்த அடிவாரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாசகி காரணம். பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். இப்போது இருப்பது இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் அச்சிட்டு வைத்திருக்கும் மடிப்புத்தாள் ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். பழைய தேவாலயம், ஓடைப் பாலம், ஒரு காலத்தில் மாவரைத்த ஆலை, இவற்றைச் சுற்றி இரண்டு மைலில் ஒரு நடை, ஐந்து மைலில் ஒரு நடை. எந்த வேலியை எங்கே தாண்டுவது, எந்த வயலில் மாடு மேயும் என்பதுவரை போட்டிருக்கிறார்கள். “எங்க ஊருக்கும் இப்படி ஒண்ணு போடக் கூடாதா சார்?” என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆண்டாளைச் சேவிக்க வருகிறவர்கள் கோபுரத்தைப் படமெடுத்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மலைப் பக்கம் போகிறவர்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்புகிறார்கள். நடுவில் கிடக்கும் எட்டு கிலோமீட்டரை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வட்டாரம் முழுதும் விளங்கிவிடும் என்பது என் கட்சி. மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்குகிறது. ஓடை கண்மாயை நிரப்புகிறது. அது மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய். மிச்சம் வைப்பாற்றோடு கிழக்கே கடலுக்குப் போகிறது. ஓடை மலையை விட்டுத் தரைக்கு வரும் இடங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு சாமி உட்கார்ந்திருக்கும். செண்பகத்தோப்புக்கு மேலே காட்டழகர். ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார். அதற்கும் தெற்கே, தேவதானம் பக்கம், சாஸ்தா. வடக்கே சதுரகிரி மலையில் சுந்தர மகாலிங்கம். இங்கே பழைய நடைபாதை என்று எதைத் தொட்டாலும் இவர்களில் ஒருவரைப் பார்க்கப் போன காலடிகள் போட்டதாகத்தான் இருக்கும். தண்ணீர் இறங்கும் வழியே நாம் ஏறிப் போனால் போதும், வரைபடம் பாதி தயார்.

ஊரிலிருந்தே தொடங்குவோம். பதினொரு நிலைக் கோபுரம், 192 அடி. வடபத்ரசாயி கோயிலின் இந்தக் கோபுரம்தான் தமிழக அரசின் முத்திரையில் இருக்கிறது என்பதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. மதுரைக்காரர்கள் அது மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரம் என்பார்கள். முத்திரை வந்தது 1949-இல். வழக்கு இன்னும் முடியவில்லை. உள்ளூர் டீக்கடையில் மதுரைக் கட்சியை எடுத்துப் பேசாமல் இருப்பது உத்தமம்.

கோபுரத்தைவிட எனக்குப் பிடித்தது ஊர் உண்டான கதை. மல்லி என்ற வேடர் குலத் தலைவிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துக் கொன்றுவிடுகிறது. தம்பியைத் தேடி அலைந்த வில்லி, கனவில் பெருமாள் சொன்னபடி காட்டைத் திருத்தி கோயிலும் ஊரும் கட்டினான் என்பது தல புராணம். மல்லி என்ற கிராமம் இன்றைக்கும் சிவகாசிச் சாலையில் இருக்கிறது. புலியும் இருக்கிறது! 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகள் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின; தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது, சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேகமலைப் பக்கம் விழும் மழை வைகைக்குப் போகிறது, இந்தப் பக்கம் விழுவது வைப்பாற்றுக்கு. காட்டைத் திருத்திக் கோயில் கட்டிய ஊர், கடைசியில் மிச்சக் காட்டுக்குத் தன் பெயரையே கொடுத்திருக்கிறது.

கோயிலிலிருந்து நடக்கிற தூரத்திலேயே மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் முதலில். அடுத்தது திருமலை நாயக்கர் அரண்மனை. மதுரை மகாலைப் பார்த்த கண்ணுக்குச் சிறிதாகத்தான் தெரியும். ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த சேதி மதுரையில் நாயக்கரின் காதுக்கு எட்டும்படி வழி நெடுக மண்டபம் கட்டி முரசு வைத்தார், அது கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு. எழுபது கிலோமீட்டருக்கு மேல் முரசு கடத்துவது லேசான காரியமா என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை, நாமும் கேட்க வேண்டாம். மூன்றாவது, பென்னிங்டன் நூலகம். 1875-இல் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் வந்ததே 1927-இல், விருதுநகர்–தென்காசிப் பாதை போட்டபோதுதான். ரயிலுக்கு அரை நூற்றாண்டு முன்பே புத்தக அலமாரி வந்த ஊர் இது. உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இனி மேற்கே.

சைக்கிள் இருந்தால் சைக்கிள், கால் இருந்தால் கால். ஆட்டோவில் போனால் இருபது நிமிஷத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள், பார்த்தது ஒன்றும் மிஞ்சாது. வீடுகள் முடிந்ததும் வயலும் கண்மாயும் மாறி மாறி வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு போனால் கண்மாய்களில் தண்ணீரும் கொக்கு, நாரைகளும் நிறைந்திருக்கும். சித்திரையில் போனால் அதே இடத்தில் வெடித்த மண்ணில் ஆடு மேயும். மலையை நெருங்க நெருங்கத் தென்னையும் மாவும் புளியும். ராஜபாளையம் வட்டாரத்துச் சப்பட்டை மாம்பழத்தைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? இந்த அடிவாரத்து மண்தான் அதற்கும் தாய்வீடு. கோடையில் தோப்பு வாசலிலேயே வாங்கலாம், பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு வந்து சேரும்போது அந்த மணம் பாதி போய்விடும்.

தோப்புக்குள் மேலே பாருங்கள். நரை அணிலுக்காகத்தான் தமிழ்நாடு இங்கே 1988-இல் ஒரு சரணாலயம் அமைத்தது, 485 சதுர கிலோமீட்டரில். அரசுப் பலகையில் சாம்பல் நிற அணில் என்று எழுதியிருக்கும். வீட்டு அணிலை மனதில் வைத்துத் தேடினால் கண்ணில் படாது. இது மலையணில் சாதி. உடம்பு நீளத்துக்கு வாலும் நீளம், நரை கலந்த முதுகு. உலகத்தில் இது இருப்பது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும்தான்.

இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவியே தின்னும், திரியும், துணை தேடும், சுள்ளியும் இலையும் வைத்துக் கூடு கட்டும். அதனால் அதற்குத் தேவை மரம் மட்டும் அல்ல, ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தின் தலையைத் தொட வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டி ரிசார்ட்டுக்கு வழி போட்டால் அந்தப் பக்கத்து அணிலுக்கும் இந்தப் பக்கத்து அணிலுக்கும் உறவு அறுந்துபோகும். பட்டா நிலத்துத் தோப்பில் கிளை கோத்து நிற்கும் பழைய புளியும் மாவும் சரணாலயத்துக்கு வெளியே இருந்துகொண்டே அதன் வேலையைச் செய்கின்றன. தோப்புக்காரர்களுக்கு இதற்காக யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அவர்கள் படுகிற பாடும் கொஞ்சமல்ல. காய்ப்புக் காலத்தில் யானை இறங்கி ஓர் இரவில் மாவையும் தென்னையையும் முறித்துப் போட்டுவிட்டுப் போகிறது. வனத்துறையின் நஷ்ட ஈடு வந்து சேர்வதற்குள் அடுத்த காய்ப்பு வந்துவிடுகிறது என்பது அவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை. யானையையும் குற்றம் சொல்ல முடியாது. காடு இங்கேதான் முடிகிறது என்று அதற்கு யார் சொன்னது?

சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். முகம் சுளிக்காதீர்கள். ஓடைக் கரையில் ஷாம்பு உறையையும் உடைந்த பாட்டிலையும் மிதித்தவர்களுக்கு அந்தச் சோதனையின் அருமை தெரியும். உள்ளே இறங்கி வருவது பேயனாறு. மழைக்காலம் முடிந்த சில மாதங்கள் பாறைகளுக்கு நடுவே தெளிந்து ஓடும். அடிவாரத்தில் பளியர்களின் குடியிருப்பு இருக்கிறது. தேனெடுக்கவும் கிழங்கு அகழவும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் கோடையிலும் நீர் கசியும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: அவர்கள் வீட்டு வாசலில் நின்று படமெடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் யாரோ வந்து படமெடுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

அதற்கும் மேலே, காட்டுக்குள், காட்டழகர். மதுரைக்கு வடக்கே அழகர்மலையில் இருக்கும் சுந்தரராஜரின் இன்னோர் இருப்பிடம். அங்கே இருப்பதுபோலவே இங்கேயும் நூபுர கங்கைத் தீர்த்தம் உண்டு. வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் மட்டும்தான் போக முடியும். அழகர்கோயில் வாசல்வரை பஸ் போகிறது. காட்டழகரைப் பார்க்க இன்னும் நடக்கத்தான் வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் ஊரை ஒட்டிய திருவண்ணாமலைக் குன்றில் ஏறலாம். பெயரைக் கேட்டு தீபத்தை நினைக்காதீர்கள், இங்கே இருப்பவர் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் படியேறி நின்றால் கோபுரமும் கண்மாய்களும் மலைத்தொடரும் ஒரே பார்வையில் விழும். நான் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ராஜபாளையம் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே முடங்கியாற்றுச் சாலையைப் பிடித்து மேற்கே போனால் முதலில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், ஊருக்குக் குடிதண்ணீர் தருவது. அதைத் தாண்டினால் அய்யனார் கோயிலும் ஓடையும் அருவியும். ஊர் குடிக்கிற தண்ணீருக்கு மேலே காவலுக்கு ஒரு சாமி, கீழே நகராட்சி. அய்யனார் விடுமுறை எடுப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். அருவியில் குளிக்கிறவர்கள் சோப்புப் போடும்போது இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் சஞ்சீவி மலை. அனுமன் மூலிகை மலையைத் தூக்கிப் பறந்தபோது விழுந்த துண்டு என்று சொல்லிக்கொள்ளும் குன்றுகள் தமிழ்நாட்டில் இன்னும் சில உண்டு. இதுவும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. காந்தி கலை மன்றத்தைத் தவறவிடாதீர்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தன் சொந்த வீட்டையே கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பதவியில் இருந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட கதையே கேட்டுப் பழகிய நமக்கு இது வேறு மாதிரிக் கதை. பருத்தி ஆலைகளைப் பற்றி எழுதினால் தனி இதழ் வேண்டும், 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்தான் அதற்குப் பிள்ளையார் சுழி என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக இருக்கும் இந்த ஊர் நாய்க்கு 2005-இல் தபால்தலை வந்தது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

இன்னும் தெற்கே தேவதானம் நச்சாடை தவிர்த்த சிவன், அங்கிருந்து மேற்கே மலையடியில் சாஸ்தா கோயில் ஓடை. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அதை அடுத்துத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏற்றம். ஆடி, தை அமாவாசைகளில் மலையே மனிதத் தலையாக இருக்கும். 2015 மே மாதம் மேலே பெய்த மழையில் ஓடை திடீரென்று பெருக, பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடை பொங்கி வரும். மேகம் மலைமேல் கறுத்தால் ஓடையை விட்டு ஏறிவிடுங்கள். வனக்காவலர் ‘வாங்க’ என்று கூப்பிட்டால் அப்புறம் வாதாட வேண்டாம்.

மறுபடி அந்த மடிப்புத்தாள் விஷயம். இங்கிலாந்தில் அந்தப் பாதைகள் சும்மா கிடைத்தவை அல்ல. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பணக்காரர்களின் வேட்டை நிலமாக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1949-இல் சட்டம் வந்து, பொது நடைபாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றானது. இன்றைக்கு வயலுக்குச் சொந்தக்காரரே நினைத்தாலும் நடுவே போகும் பாதையை மூட முடியாது.

நம் பக்கத்தில் அந்த வேலையைத் திருவிழா செய்தது. காட்டழகருக்கு இன்ன நாள், மகாலிங்கத்துக்கு அமாவாசை, பௌர்ணமி என்று நாள் குறித்திருந்தார்கள்; அந்த நாளில் எந்தத் தோப்புக்காரரும் வழி மறித்ததில்லை. மற்ற நாட்களில் காடு தன் பாட்டில் இருந்தது. நடப்பவருக்கு உரிமை, காட்டுக்கு ஓய்வு. ஆண்டு முழுதும் திறந்து விடுங்கள் என்று இப்போது எழும் குரலோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே நேரம், எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் போதும் என்ற அதிகாரிகளின் சௌகரியமும் பிடிக்கவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு மலையேற்றம் என்றாலே அரசு பயந்தது. 2024 அக்டோபரில்தான் வழிகாட்டிகளோடு, முன்பதிவோடு 40 பாதைகளைத் திறந்தார்கள். செண்பகத்தோப்பு–புதுப்பட்டிப் பாதை அதில் ஒன்று. உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள், தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். நாள் குறித்துத் திறக்கும் பழைய முறைக்கு இது தூரத்துச் சொந்தம்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் நேரத்தில் வலப்பக்க ஜன்னலில் மலை கூடவே வரும். படுக்கையை மடித்துவிட்டு எழுந்து உட்காருங்கள். கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அடிவாரச் சாலையில் நடக்க வேண்டாம், அது யானை புழங்கும் நேரம். எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள்; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் வெயிலில் எட்டு கிலோமீட்டர் சுமக்கப்படுவதை விரும்பாது.

நடுப்பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் சாஸ்தா கோயில் வரை ஓடைகளையும் கண்மாய்களையும் சாமிகளையும் குறித்து எங்கள் ஓவியர் கையால் வரைந்த படம் இருக்கிறது. வாசகிக்கு ஒரு பிரதி விமானத்தில் போகிறது. மற்றவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: உங்கள் ஊர்க் கண்மாயில் தொடங்கி, அதற்குத் தண்ணீர் வரும் கால்வாயைப் பிடித்து, முடிந்த தூரம் நடந்து பார்த்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். படம் வரைய வராவிட்டால் பரவாயில்லை, கோடு போட்டாலே போதும், ஓவியர் பார்த்துக்கொள்வார். கண்மாயின் பெயர், ஓடையின் பெயர், வழியில் இருக்கும் சாமியின் பெயர், மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது, இந்த நான்கும் விடுபடாமல் இருந்தால் அச்சேற்றிவிடுவோம். கார்த்திகை கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்